இரண்டாம் தடவை கேட்காத அம்மை

நம் பழைய பள்ளிக்கூடக் கூட்டம் ஒரு வாரமாகப் போனில் ஒரே சத்தமாகக் கிடக்கிறது. எல்லாரும் சேர்ந்து ஒருநாள் திருவனந்தபுரம் போய்வர வேண்டுமாம். காலையில் மிருகக்காட்சி சாலை, அதே வளாகத்தில் மியூசியம், மத்தியானம் நல்ல ஓட்டலில் சாப்பாடு, வெயில் தாழ்ந்ததும் சாலைக் கம்போளக் கடைத்தெருவில் புடவையும் பாத்திரமும். முட்டுவலிக்காரிகளுக்கு வேனில் முன்சீட்டு ஒதுக்கியாயிற்று. சர்க்கரைக்காரர்கள் எந்த ஓட்டலில் எதைத் தின்னலாம் என்று இப்போதே சண்டை போட்டு முடித்துவிட்டார்கள். நான் மட்டும் வாய் திறக்கவில்லை என்று ஆளாளுக்குக் குறை சொல்கிறீர்கள்.

இதோ திறக்கிறேன். ஏன் திறந்தாள் என்று பிறகு வருத்தப்படாதீர்கள்.

ஆறாம் வகுப்பு தொடங்கிய மழையில் நீங்கள் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தீர்கள். கல்யாணம் முடக்கி. பள்ளி வாசலில் குடையும் பிடித்துக்கொண்டு நின்று அதைப் பாட்டாகவே பாடினீர்கள். முதலில் அந்தப் பெயரைச் சொன்னவள் இப்போது தினமும் விடிந்ததும் நமக்கெல்லாம் ரோஜாப்பூ படம் அனுப்புகிறாள். ரோஜாப்பூவில் எனக்கு எதுவும் மறந்துபோகாது. அன்றைக்கு என்னிடம் என்ன நடந்தது என்று உங்களில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. இப்போது வேன் பேசி வைத்திருக்கிறீர்கள் அல்லவா, ஏறுவதற்கு முன்னால் முழுசாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல எண்ணத்தில் எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பழைய கோபத்தில்தான் எழுதுகிறேன். அக்காவுக்குத் தெரிந்தால் திட்டுவாள். திட்டட்டும்.

அது வேனல் விடுமுறை. எங்கள் வீடு பாறசாலையைத் தாண்டி, கேரள எல்லைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கோடையில் கொல்லாமரத் தோட்டங்களில் முந்திரிப்பழம் விழுந்து கிடந்து ஊரே புளித்த கள் மாதிரி மணத்தது. அக்காவுக்கு அமரவிளையில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. பார்த்து முடித்தது மாமன், அம்மாவின் தம்பி. அப்பா இல்லாத வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"கான்கிரீட் வீடாக்கும். ரோட்டோரம் கடை உண்டு. பையன் வாயில ஒரு சத்தம் கெடையாது" என்றார் மாமன்.

வாயில் சத்தம் கிடையாது என்பதை அம்மா நல்ல குணமாகவே எடுத்துக்கொண்டாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் தாம் பட்டதை வைத்து மருமகனைத் தேடுகிறவர்கள். குடித்துவிட்டுக் கத்தாத ஆண் கிடைத்தால் அதற்கு மேல் ஒன்றும் பார்க்க மாட்டார்கள்.

நிச்சயம் கழிந்த பெண் கல்யாணம் வரை முற்றம் தாண்டக்கூடாது என்பது எங்கள் குடும்பங்களில் வழக்கம். கல்யாணப் புடவை எடுப்பதோ மாப்பிள்ளை வீட்டார். பெண்ணுக்கு எந்த நிறம் எடுக்கும் என்று கடையில் எப்படித் தெரியும்? அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பெண்ணின் நிறத்தில் வீட்டில் இன்னொருத்தி இருந்தால் அவளைக் கூட்டிக்கொண்டு போய் அவள் தோளில் புடவையைப் போட்டுப் பார்ப்பார்கள். பெண்வீட்டுப் பெரியவர்கள் கூடப் போனால் விலையில் தலையிட்டதாகிவிடும் என்பதால் பெரும்பாலும் சின்னப்பிள்ளையைத்தான் அனுப்புவார்கள். அக்காவும் நானும் ஒரே கறுப்பு. உயரத்தில் நான் அவள் நெஞ்சுக்கு வந்தால் அதிகம், ஆனால் தோலுக்கு உயரம் எதற்கு? ஆகவே அக்காவின் தோலாக நான் திருவனந்தபுரம் போனேன்.

புறப்படுகிற காலையில் அம்மா எனக்கு ஒரு துண்டு கப்பைக்கிழங்குகூடத் தரவில்லை.

"வயிறு முட்டத் தின்னுட்டுப் போனா அவங்க வாங்கித் தாறத எப்படித் தின்னுவ? அவங்களுக்குக் குறைச்சலாக்கும்" என்றாள். "எதையும் நீயா கேக்காத. தந்தாலும் ஒடனே கைய நீட்டாத. வேண்டாம்னு ரெண்டு தடவ சொல்லணும். மூணாவது தடவயும் கேப்பாங்க, அப்ப வாங்கிக்க. நம்ம மானம் உனக்க நாக்கிலயாக்கும் இருக்கு, கேட்டியா?"

கேட்டேன். எங்கள் ஊரில் எல்லாப் பிள்ளைகளும் கேட்டு வளர்ந்ததுதான். அதனால் யாரும் பட்டினி கிடந்ததில்லை, ஏனென்றால் கேட்கிறவர்களுக்கும் அந்த முறை தெரியும். முதல் வேண்டாம் யார் காதிலும் ஏறுவதில்லை.

அக்கா என்னை அடுக்களைப் பக்கம் இழுத்துப்போய்த் தலை பின்னிவிட்டாள். நிச்சயத்தன்று அவள் அந்த மாமியாரை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தாள், அதுவும் தலை குனிந்தபடி.

"மக்கா, நான் சாவது வர அந்த வீட்டிலயாக்கும் இருக்கணும்" என்று காதோடு சொன்னாள். "எனக்குப் போய்ப் பாக்க வழியில்ல. நீ பாத்துட்டு வா. புடவையப் பாக்காண்டாம். அந்த அம்ம எப்படிப்பட்ட ஆளுன்னு பாரு. ஒண்ணையும் விடாம என்கிட்ட வந்து சொல்லணும்."

அவள் விரல்கள் என் பின்னலை அவிழ்த்து அவிழ்த்து மறுபடி பின்னின. அவளுக்குப் பயம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அம்பாசடர் கார் வந்தது. எங்கள் ஒழுங்கையில் முதல் கார். வேலிக்கு வேலி ஆள் நின்று பார்த்தார்கள், மாமன் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். காரில் டிரைவர் பக்கத்தில் மாப்பிள்ளை, பின்னால் அவருடைய அம்மை, அம்மைக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் தங்கச்சி. நான் கதவோரம் ஒட்டிக்கொண்டேன். அந்த அம்மையை அமரவிளை அம்மை என்றே சொல்கிறேன். கஞ்சி போட்ட செட்டுமுண்டு, கழுத்து நிறையப் பொன், நல்ல பவுடர் மணம். என் அம்மாவிடம் அவ்வளவு இனிமையாகப் பேசினார். "இது எனக்க சொந்தக் கொச்சுப்பிள்ள மாதிரியாக்கும், நீங்க ஒண்ணும் வெசனப்படாண்டாம்" என்றார்.

நெய்யாற்றின்கரையில் சாயாக்கடை முன்னால் கார் நின்றது. கண்ணாடித் தம்ளர்களில் சாயாவும் ஒரு தட்டு நிறையப் பழம்பொரியும் கார் சன்னலுக்கே வந்தன. எண்ணெய் இன்னும் பொரிந்துகொண்டிருந்தது.

"பிள்ளே, உனக்கு வேணுமா?"

"வேண்டாம்" என்றேன், படித்த பிள்ளையாக. இரண்டாவது வேண்டாமும் வாயில் தயாராக இருந்தது.

அமரவிளை அம்மை கடைக்காரனிடம் திரும்பி, "கொச்சினு ஒண்ணும் வேண்டா" என்றார். தட்டு அவர் மகள் மடிக்குப் போயிற்று. அவர்கள் கடித்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

முதல் தடவை என்பதால் நான் அதைத் தவறாக நினைக்கவில்லை. பெரியவர், மறந்திருப்பார் என்று நினைத்தேன். அக்காவிடம் சொல்ல வேண்டியதில்லை என்றுகூடத் தீர்மானித்தேன்.

மிருகக்காட்சி சாலையில் நீர்யானை வாயைத் திறந்து நின்றது, யாரோ புல்லுக்கட்டை உள்ளே எறிந்தார்கள். புலிக்கு இறைச்சி போடும் நேரம். அது ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. தங்கச்சிக்குக் குச்சி ஐஸ் வாங்கினார்கள், சிவப்பு நிறத்தில். "உனக்கு வேணுமா பிள்ளே?" "வேண்டாம்." "செரி." அந்தச் செரி எவ்வளவு சுருக்கமாக வந்தது என்பதைக் கவனித்துக்கொண்டேன். தங்கச்சி பாதி உறிஞ்சிவிட்டு மீதியைக் கூண்டு ஓரம் போட்டாள். மண்ணில் அது கரைந்து முடிகிற வரை என்னால் நகர முடியவில்லை.

நீங்கள் போகப்போகிற மியூசியத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே கிணற்றடி மாதிரிக் குளுமை. வண்ணக் கண்ணாடி வழியாக வெளிச்சம் விழுந்து தரையெல்லாம் நீலமும் மஞ்சளுமாகக் கிடந்தது. தந்தத்தில் இழைத்த சின்னச் சின்ன உருவங்கள், வெண்கலத்தில் சாமிகள், மரத்தில் செதுக்கிய பழைய தேர் ஒன்று. தேரில் இருந்த யானையும் யாளியும் ஒன்றையொன்று தின்பதுபோல எனக்குப் பட்டன. தலை சுற்றியது. தூணைப் பிடித்தேன்.

"பிள்ளே, நேர நில்லு. ஆளுவ பாக்கியாங்க" என்றார் அமரவிளை அம்மை.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். அதுவரை அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. வெளியே போனார். நாங்கள் வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்ததும், எனக்கு எதையோ காட்டுவதுபோலக் கையைப் பிடித்து ஒரு பெரிய மரத்தின் மறுபக்கம் கூட்டிப்போனார். சட்டைக்குள்ளிருந்து காகிதக் கூம்பு ஒன்றை எடுத்து என் கையில் திணித்தார். கப்பலண்டி, வறுத்த நிலக்கடலை, சுடச்சுட. வேணுமா என்று கேட்கவே இல்லை.

"வேகம் தின்னு மோளே. அம்மைக்குத் தெரியாண்டாம்."

நான் தின்று முடிக்கிற வரை எனக்கு முதுகைக் காட்டி நின்று, அம்மை இருக்கும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் காகிதத்தின் அடியில் ஒட்டிய உப்பையும் நக்கினேன். இந்த மாப்பிள்ளைக்காக அக்கா எத்தனை கோயிலுக்கு நேர்ந்திருப்பாளோ என்று நினைத்தேன். அவ்வளவு பிடித்துப்போயிற்று எனக்கு அவரை.

ஒரு பிடிக் கப்பலண்டி பசியைத் தூண்டிவிட்டதே தவிர அடக்கவில்லை. ஓட்டலில் நெய்யில் முறுகிய மசால் தோசை மணம் வாசலிலேயே வந்து பிடித்தது. இந்தத் தடவை சரி என்று சொல்லிவிடலாம் என்றே உட்கார்ந்தேன். ஆனால் மானம் உன் நாக்கில் என்று சொல்லி அனுப்பிய அம்மாவின் முகம் வந்து முன்னால் நின்றது.

"உனக்கும் தோசை சொல்லட்டா?"

"வேண்டாம்" என்றேன். அது எனக்கே கேட்கவில்லை.

"நல்ல அடக்கமுள்ள கொச்சு" என்று மெச்சிவிட்டு மூன்று தோசை சொன்னார் அமரவிளை அம்மை. எனக்கு முன்னால் ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீர் வந்தது. மாப்பிள்ளை தட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் தின்றார். நான் பசித்திருக்கிறேன் என்று அந்த மேசையில் நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். பாவம், அம்மைக்குப் பயந்த மனுஷன் என்று அப்போது நான் அவருக்காக வருந்தினேன்.

சாலைக் கம்போளத்துக் கடையில் மெத்தை விரித்து உட்கார வைத்தார்கள், என்னைத் தவிர. நான் நிற்க வேண்டியவள். பச்சை, ஊதா, மயில்கழுத்து என்று ஒவ்வொன்றாக என் தோளில் விழுந்தது. பட்டின் கனம் காலி வயிற்றோடு தாங்க முடியவில்லை. அந்த நேரத்தில் கடைக்காரர் நாரங்கா வெள்ளம், எலுமிச்சைச் சாறு, வரவழைத்தார்.

"குடிக்கணும் அம்மே" என்றார்.

"வேண்டா" என்றார் அமரவிளை அம்மை.

"வெயிலல்லே, குடிக்கு."

"ஐயோ, வேண்டா."

"ஒரு கிளாஸ் எங்கிலும்."

மூன்றாவது தடவை வாங்கிக்கொண்டார். அடி வரைக்கும் குடித்தார்.

மக்கா, அந்த நிமிஷம்வரை எனக்கு அந்த அம்மை மேல் கோபமே இல்லை. முறை தெரியாத ஆள் என்று நினைத்திருந்தேன். அவருக்கு முறை தெரியும். எனக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு தெரியும். தெரிந்துதான் முதல் வேண்டாமோடு ஒவ்வொரு தடவையும் தட்டை நகர்த்தியிருக்கிறார். பத்து வயதில் ஒருத்தியை அப்படி வெறுக்க முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கடைசியில் அரக்குச் சிவப்பில் அகலச் சரிகை போட்ட பட்டு எடுத்தார்கள். புடவையைக் குறை சொல்லவே முடியாது. ஊர் பார்க்கிற காரியம் எதிலும் அந்த அம்மை கை சுருக்கியதில்லை என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். கார், புடவை, கழுத்துப் பொன், எல்லாம் ஊர் பார்க்கிற இடம். என் வயிற்றை ஊர் பார்க்க முடியாது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டில் இறக்கிவிட்டார்கள். புடவையைப் பார்த்ததும் அம்மா கண்ணைத் துடைத்தாள். மாமன் சரிகையை விரலால் தடவி, "நான் அன்னைக்கே சொன்னேன்லா" என்றார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து மூக்கில் விரல் வைத்தார்கள். என்னை யாரும் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. அன்றைக்கு ஊர்சுற்றித் தின்று வந்தவள் நான்தானே.

அக்கா கேட்டாள். அடுக்களையில் உட்கார வைத்துக் கப்பையும் மீன்குழம்பும் வைத்தாள். நான் தின்றதைப் பார்த்தே அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது. தின்றுகொண்டே சொன்னேன், பழம்பொரி முதல் நாரங்கா வெள்ளம் வரை. அவள் முகம் இறுகியது. அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று மாப்பிள்ளையைப் பற்றி நல்லதைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.

"ஆனா அக்கா, அவரு நல்லவராக்கும். எனக்குக் கப்பலண்டி வாங்கித் தந்தாரு."

"எல்லாருக்கும் முன்னாலயா?"

"இல்ல. மரத்துக்கு அந்தப் பக்கம். அம்மைக்குத் தெரியாண்டாம்னு சொன்னாரு."

"பெறகு ஓட்டல்ல?"

"ஒண்ணும் சொல்லல. குனிஞ்சிருந்து தின்னாரு."

அக்கா கரண்டியைச் சட்டியில் போட்டாள்.

"அப்ப எனக்கும் ஒளிச்சுத்தான் தருவாரு" என்றாள். "அம்ம தாற கஷ்டத்தக் கொறைக்க மாட்டாரு. நான் அழுதா மரத்துக்குப் பொறத்த கூட்டிட்டுப் போவாரு. ஆயுசு முழுக்க என்னால மரத்துக்குப் பொறத்த நிக்க முடியாது மக்கா."

மறுநாள் காலையில் இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றாள்.

பிறகு நடந்ததுதான் உங்களுக்குத் தெரிந்த கதை. அம்மா ஈர்க்கில் குச்சி எடுத்து என் காலில் கோடு போட்டாள். "நீதான வேண்டாம்னு சொன்ன? பின்ன அவங்க வாயில கொண்டு ஊட்டணுமா?" என்றாள். நீதானே சொல்லச் சொன்னாய் என்றேன், அதற்கும் சேர்த்து அடித்தாள். மாமன் என்னைப் பார்க்கிற போதெல்லாம் காறித் துப்பினார். ஒரு தோசைக்காக அக்காவின் வாழ்க்கையைக் கெடுத்தவள் என்று ஊர் பேசியது. அக்காவோ வைத்த சொல்லில் அசையவில்லை. அவளுக்கு அடுத்த சம்பந்தம் வர நெடுநாள் ஆயிற்று. வந்தது நல்லதாகவே வந்தது, அது வேறு கதை.

உங்களுக்குத் தெரியாத கதை இனிமேல்தான். ரோஜாப்பூக்காரியின் அம்மா அன்றைக்கு எங்கள் வேலியோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். வீட்டில் போய்ப் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்.

பேசிச் சரிசெய்யலாம் என்று மாமன் அமரவிளைக்காரர்களைச் சாப்பாட்டுக்கு அழைத்தார். அம்மா விடியும் முன்னே எழுந்து அவியலும் பருப்பும் பாயசமுமாக ஆக்கி வைத்தாள். அதே கார் வந்தது. அமரவிளை அம்மை இறங்கும்போதே மகனிடம், "நீ வண்டியில இரி. நான் கூப்பிட்டா வந்தா போதும்" என்றார். அவர் இருந்தார், அந்த உச்சி வெயிலில், கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு.

அம்மை நாற்காலியில் உட்கார்ந்து வேலிக்கு வெளியே கேட்கும்படி பேசினார். "தின்ன ஆசையுள்ள கொச்சு பறயியத கேட்டுக் குடும்பத்தக் கெடுப்பாங்களா? எனக்க மோனுக்கு ஆயிரம் பெண்ணு கிட்டும்." அம்மா கூனிக் குறுகி நின்றாள்.

அக்கா காப்பியோடு வந்தாள். "குடியுங்க அம்மா."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றார் அவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"செரி" என்றாள் அக்கா. தம்ளரை என் கையில் தந்தாள். "மக்கா, நீ குடி."

குடித்தேன். அவர் எதிரில் நின்று, மெதுவாக, ஊதி ஊதி. அதுபோல ஒரு காப்பி அதற்குப் பிறகு நான் குடித்ததில்லை. மாமன் பல்லைக் கடித்தார். அமரவிளை அம்மையின் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியதை நான் மட்டும் பார்த்தேன்.

அக்கா உள்ளே போய் ஒரு தட்டில் சோறும் கறியும் வைத்து எடுத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டிக் காருக்குப் போனாள். வேலியோரம் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள்.

"பசிக்கும்லா. எறங்கி வந்து சாப்பிடுங்க" என்றாள்.

"வேண்டாம்" என்றார் அவர்.

"ரெண்டாவது தடவ கேக்கேன். சாப்பிடுங்க."

அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"மூணாவது தடவையும் கேக்கேன். எல்லாருக்கும் முன்னால வச்சுக் கேக்கேன். எறங்கி வாருங்க."

அவர் கை கதவுப் பிடிக்குப் போயிற்று. கதவு கொஞ்சம் திறந்தது. என் அம்மா மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. அந்த ஒரு நிமிஷம் அவர் கால் கீழே வைத்திருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், அக்கா அந்தக் கல்யாணத்துக்குச் சம்மதித்திருப்பாள்.

"அவனுக்கு வேண்டாம்" என்றார் அமரவிளை அம்மை, நாற்காலியை விட்டு எழாமலே.

கதவு மூடிக்கொண்டது. "வேண்டாம்" என்றார் அவரும்.

அக்கா திரும்பி அம்மாவை மட்டும் பார்த்தாள். அம்மா அடுக்களை வாசலில் பாயசக் கரண்டியோடு நின்றாள். கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய்ப் புடவைப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். "அக்கா, கொஞ்சம் பொறு" என்று மாமன் அம்மாவின் கையைப் பிடித்தார். அம்மா கையை உதறிவிட்டு அந்த அம்மையின் முன்னால் வந்து நின்றாள்.

"எழும்புங்க" என்றாள்.

எங்கள் வீட்டுக்கு வந்த யாரையும் சாப்பிடாமல் அம்மா அனுப்பியதில்லை. அந்த அம்மை வாய் திறக்கப் பார்த்தார், அம்மா முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். அவர் காரில் ஏறுகிற வரை அம்மா கூடவே போனாள். முன்சன்னல் வழியாகப் பெட்டியை மாப்பிள்ளையின் மடியில் வைத்தாள். போய்விட்டு வாருங்கள் என்று சொல்லவில்லை.

கார் திரும்பும்போது அவர் அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு சன்னல் வழியாக என்னைப் பார்த்தார். திருவனந்தபுரத்தில் அன்றைக்கு என் பசியைக் கண்ட ஒரே மனுஷன். பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் தோன்றவில்லை.